அம்பாசடர் கூரையும் கூண்டு வண்டி வளையும்

இந்தத் தடவை வயல் வேலையைப் பத்தி இல்லாம காரைப் பத்தி எழுதப் போறேன். விவசாயிக்கும் காருக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேப்பீங்க. எங்க பக்கத்துல சம்பந்தம் இருக்கு. ஜிஎஸ்டி ரோட்டுல மறைமலை நகர் தாண்டி, சிங்கப்பெருமாள் கோயில்ல திரும்பி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்னு போய்ப் பாருங்க. வழி நெடுக கார் கம்பெனி, லாரி கம்பெனி, டயர் கம்பெனி, கண்ணாடி கம்பெனி. நடுவுல நடுவுல மிச்சம் இருக்கிற ஏரிப் பாசன நிலத்துல என்னை மாதிரி ஆளுங்க சம்பா, நவரை, சொர்ணவாரின்னு பயிர் வெச்சுக்கிட்டு இருக்கோம்.

இவ்வளவு கார் செய்யுற பக்கத்துல, ஒரு பழைய காரோட உள் கூரைத் துணியை ஒழுங்கா மாத்தத் தெரிஞ்ச ஆளைத் தேடி என் மச்சான் மூணு மாசம் அலைஞ்சார். அவரோட சேர்ந்து நானும் அலைஞ்சதுல தெரிஞ்சுக்கிட்ட கதைதான் இது. ஒரு துணிக்கும் நாலு கம்பிக்கும் பின்னாடி இவ்வளவு சரித்திரம் இருக்கும்னு நான் நெனச்சதில்ல.

முதல்ல நம்ம ஊரு கூண்டு வண்டியில இருந்து ஆரம்பிக்கிறேன்.

கூண்டு வண்டியைப் பாத்திருப்பீங்க. நேர்ல இல்லாட்டியும் பழைய சினிமாவுல பாத்திருப்பீங்க. மாட்டு வண்டிப் பாரு மேல மூங்கிலை வில்லு மாதிரி வளைச்சு, வரிசையா குறுக்க நட்டு, மேல பாய் போட்டுக் கட்டுவாங்க. வசதியான வீட்டு வண்டின்னா உள்பக்கம் துணியும் தெச்சு மாட்டியிருக்கும். வெயில் நேரா தலையில இறங்காது, பாய்க்கும் துணிக்கும் நடுவுல காத்து நிக்கும். பாய் கிழிஞ்சா பாயை மாத்துவாங்க. வளையை யாரும் மாத்த மாட்டாங்க. அந்த வண்டிக்குன்னு அளவு பாத்து வளைச்ச வளை அது. வேற வண்டி வளை இதுல சரியா உக்காராது.

சீமையில குதிரை வண்டிக்கும் இதே ஏற்பாடுதான். மடக்குற கூடாரத்துக்கு வளைச்ச சட்டம், மேல தோலோ மெழுகுத் துணியோ. கார் வந்தப்ப அதைக் கட்டுனவங்க யாரு? அதே குதிரை வண்டி ஆசாரிங்கதான். மெட்ராஸ்லயே அதுக்குச் சாட்சி இருக்கு. மவுண்ட் ரோட்டுல இருக்கிற சிம்ப்சன் கம்பெனி 1840-ல தொடங்கினது. குதிரைச் சேணம், குதிரை வண்டின்னு ஆரம்பிச்சவங்க. அங்க வேலை பாத்த சாமுவேல் ஜான் கிரீன்ங்கிறவர் 1903-ல நீராவியில ஓடுற காரைச் செஞ்சார். குதிரையை அவுத்துட்டு இயந்திரத்தை வெச்சாங்க. ஆனா சீட்டு, கூரை, உள்துணி எல்லாம் வண்டி கட்டுறவன் கைவேலையாத்தான் இருந்துச்சு.

ஆரம்ப காலத்து மூடின கார்களோட உடம்பு மரச் சட்டம். அது மேல தகடு. மரம் இருக்கிறதால உள் துணியை ஆணி அடிச்சு மாட்டுறது சுலபம். கூரை நடுவுல ஒரு பெரிய பகுதி தகடே இருக்காது, கெட்டித் துணிதான். ஏன்னா முழுக் கூரை அகலத்துக்கு ஒரே இரும்புத் தகடை உருட்டவும், அதை அழுத்தி வளைக்கவும் அன்னைக்கு வசதி இல்ல. அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ் 1935 மாடல் கார்கள்லதான் ஒரே தகட்டுல அழுத்துன முழு இரும்புக் கூரையைப் பெரிய அளவுல கொண்டு வந்துச்சு. அதுக்கப்புறம் எல்லாரும் அந்த வழிக்கு வந்தாங்க.

இரும்புக் கூரை வந்ததும் ரெண்டு சிக்கல் வந்துச்சு. ஒண்ணு, தகடு வெயில்ல அடுப்பு மாதிரி காயும், மழையில தவில் மாதிரி சத்தம் போடும். அதனால உள் துணி முன்னைவிட அவசியம் ஆயிடுச்சு. ரெண்டாவது, துணியை ஆணி அடிக்க மரம் இல்ல. இந்த ரெண்டுக்கும் சேர்த்துக் கண்டுபிடிச்ச வழிதான் வளை கம்பி. கதவுக்கு மேல இருக்கிற சட்டத்துல ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டு, வில்லு மாதிரி வளைஞ்ச இரும்புக் கம்பிகளைக் குறுக்க மாட்டினாங்க. துணியோட மேல்பக்கத்துல பாவாடை நாடாவுக்குத் தெக்கிற மாதிரி ஒரு பட்டி தெச்சு, அதுல கம்பியைக் கோத்துட்டா துணி தொங்கும். ஓரத்தைப் பசை போட்டோ, பல்லு வெச்ச தகட்டுல குத்தியோ, நாரட்டைப் பட்டையில சின்ன ஆணி அடிச்சோ இழுத்துப் பிடிப்பாங்க. தகட்டுக்கும் துணிக்கும் நடுவுல காத்து நிக்கும். எங்க கூண்டு வண்டி சங்கதியேதான்!

நம்ம நாட்டுக்கு வருவோம்.

ஃபோர்டு கம்பெனி 1926-லயே இந்தியாவுக்கு வந்தது. பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ்னு பாகங்களைக் கப்பல்ல கொண்டு வந்து இங்க கோத்து வித்தாங்க. சுதந்திரத்துக்கு அப்புறம் சர்க்கார், "சும்மா கோத்து விக்கிறது பத்தாது, படிப்படியா இங்கேயே செய்யணும்"னு சொல்லிடுச்சு. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1954-ல கடையை மூடிட்டுப் போனாங்க. மிஞ்சினது கொஞ்ச பேர்தான். கல்கத்தா பக்கத்துல உத்தரபாராவுல இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவுல பிரீமியர். அப்புறம் நம்ம மெட்ராஸ்ல ஸ்டாண்டர்டு.

இந்த ஸ்டாண்டர்டு கதை எங்க பக்கத்துக் கதை. மறைமலை நகருக்கு வடக்க, வண்டலூருக்கும் பெருங்களத்தூருக்கும் பக்கத்துல அவங்க தொழிற்சாலை. 1948-ல இங்கிலாந்து ஸ்டாண்டர்டு கம்பெனியும் நம்ம ஊர் யூனியன் கம்பெனியும் சேர்ந்து ஆரம்பிச்சது. வான்கார்டுல தொடங்கி, 1961-ல ஹெரால்டு வந்துச்சு. அந்த வண்டியில கூரையே தனியா போல்டு போட்டு முடுக்கினது, கழட்டி எடுத்துடலாம். இங்கிலாந்துல ஹெரால்டுக்கு ரெண்டு கதவுதான். நம்ம ஊர்ல குடும்பத்தோட போகணுமேன்னு நாலு கதவு வெச்ச ஹெரால்டை இங்கேயே செஞ்சாங்க. 1972-ல கெஜல், 1985-ல ஸ்டாண்டர்டு 2000. அதோட சரி, 1988-ல உற்பத்தி நின்னு போச்சு. இன்னைக்கு ஒரகடம் வரைக்கும் நீண்டு கிடக்கிற கார் ராஜ்ஜியத்துக்கு முன்னாடியே இந்தப் பக்கம் கார் செஞ்ச ஊருங்கிறது, தினம் அந்த வழியா ஐ.டி. பஸ்ல போற பல பேருக்குத் தெரியாது.

அம்பாசடர் 1957-ல வந்தது. இங்கிலாந்துல மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூணாவது வரிசைன்னு இருந்த வண்டிதான் அது. அங்க சில வருஷத்துல நிறுத்திட்டாங்க. இங்க 2014 வரைக்கும் ஓட்டுனோம். அந்தக் காலத்துல கார் வேணும்னா பணம் கட்டிட்டு வருஷக்கணக்குல காத்திருக்கணும். அதனால ஒரு கார் வந்துட்டா அது வீட்டு மாடு மாதிரி. விக்க மாட்டாங்க, வைத்தியம் பாப்பாங்க. டிங்கர், பெயின்டர், எலெக்ட்ரீஷியன், குஷன் வேலைக்காரர்னு ஒவ்வொரு ஊர்லயும் ஒரு படையே இருந்துச்சு. மெட்ராஸ்ல ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழைய சாமானுக்குப் புதுப்பேட்டை. கியூபா நாட்டுல 1950-கள்ல வந்த அமெரிக்கக் கார்கள் இன்னைக்கும் ஓடுதுன்னு படத்துல பாத்திருப்பீங்க. அமெரிக்கா வியாபாரத்தை நிறுத்தினதால வேற வழியில்லாம அவங்க கத்துக்கிட்டாங்க. நாமளும் ஏறக்குறைய அப்படித்தான் கத்துக்கிட்டோம்.

இப்ப மச்சான் கதைக்கு வர்றேன். அவங்க அப்பா, அதாவது என் மாமனார், வாங்கின அம்பாசடர். 1974-ல பதிவானது. இந்தச் சுத்துவட்டாரத்துல எத்தனையோ கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக்குப் போன வண்டி. பிரசவத்துக்குச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடின வண்டி. என் பெரிய பையன் பொறந்ததும் வீட்டுக்கு வந்தது அதுலதான்.

சில வருஷத்துக்கு முன்னாடி உள் துணி கிழிஞ்சு தொங்குச்சு. ஒரு டவுன் கடையில விட்டாங்க. அவங்க துணியோட கம்பியையும் பிடுங்கி எடைக்குப் போட்டுட்டு, ஃபோம் ஒட்டுன துணியை நேரா தகட்டுல பசை போட்டு ஒட்டிட்டாங்க. புது வண்டி மாதிரி இருந்துச்சு, ஒரு வருஷம். அடுத்த கத்திரி வெயில்ல பசை இளகி, துணி பலூன் மாதிரி இறங்கிடுச்சு. ஃபோம் பொடிப் பொடியா தலையில கொட்டுது. நடுவுல காத்து இல்லாததால உள்ளே உக்காரவே முடியல.

கடைசியில ஒரு பாயைக் கண்டுபிடிச்சோம். எழுபது வயசு தாண்டினவர். பதினாலு வயசுல மெட்ராஸ் குஷன் கடையில வேலைக்குச் சேந்தவர். வண்டியைப் பாத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கம்பி எங்க தம்பி?"

"எடைக்குப் போட்டுட்டாங்க பாய்."

"துணி நான் தெச்சுக் குடுத்துடுவேன். கம்பிக்கு எங்க போறது?"

புதுசா கம்பி வாங்கி வளைச்சுக்கலாமேன்னு நானும் கேட்டேன். அவர் பொறுமையா விளக்கினார். கூரை முன்னால ஒரு வளைவு, நடுவுல ஒரு வளைவு, பின்னால ஒரு வளைவு. ஒவ்வொரு கம்பிக்கும் நீளம் வேற, வளைவு வேற. விரல் அகலம் கூடுனா துணி தகட்டைத் தொடும், குறைஞ்சா தலையில இடிக்கும். இன்னொண்ணு, அந்தக் கம்பி விறைப்பானது. சாதாரணக் கட்டுக் கம்பியை வளைச்சுப் போட்டா துணியை இழுக்கிற இழுப்புல அதுவே வளைஞ்சுடும். விறைப்பான கம்பியைத் தீயில காட்டி வளைக்கலாம்னு பாத்தா, சூடு பட்டதும் விறைப்பு போயிடும். கொல்லன் பட்டறைப் பக்கம் வளந்தவங்களுக்கு இது சட்டுன்னு புரியும்.

கடைசியில புதுப்பேட்டையில உடைச்ச ஒரு அம்பாசடர்ல இருந்து கம்பி கிடைச்சுது. பழைய இரும்பு விலையைவிட நாலு மடங்கு கேட்டாங்க. மச்சான் வாயைத் திறக்காம குடுத்தார்.

பாய் வேலை செஞ்ச முறையை எழுதி வெக்கிறேன். யாருக்காவது உதவும்.

கம்பியைக் கழட்டும்போதே முன்னால இருந்து பின்னால ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போடணும். இடது முனை எது, வலது முனை எதுன்னு குறிக்கணும். சட்டத்துல ஒண்ணுக்கு மேல ஓட்டை இருந்தா, எந்த ஓட்டையில இருந்துச்சுன்னும் எழுதணும். எங்களுக்குக் கிடைச்ச கம்பியில நம்பர் இல்ல. அதனால பாய் ஒவ்வொண்ணா மாட்டிப் பாத்தே பாதி நாள் போச்சு.

பழைய துணி எவ்வளவு நைஞ்சிருந்தாலும் தூக்கிப் போடக் கூடாது. தையலைப் பிரிச்சு விரிச்சா அதுதான் புதுத் துணிக்கு அளவு.

கம்பியை உப்புத்தாள் போட்டுத் துரு போகத் தேச்சு, ரெட் ஆக்சைடு அடிச்சு, அது மேல பெயின்ட் அடிச்சு நல்லா காய விடணும். இதைச் செய்யாம மாட்டினா, ஐப்பசி மழை ஈரத்துல துரு கசிஞ்சு புதுத் துணியில காபிக் கறை மாதிரி கோடு விழும்.

மாட்டும்போது முதல்ல நீளவாக்குல முன்னயும் பின்னயும் இழுத்துப் பிடிச்சுட்டு, அப்புறம்தான் பக்கவாட்டு ஓரம். பக்கத்தை முதல்ல இழுத்துட்டா சுருக்கம் போகவே போகாது. ரெக்சின் துணின்னா வெயில்ல கொஞ்ச நேரம் வெச்சு இளக்கிக்கிட்டா இழுக்கச் சுலபம்.

பழசையெல்லாம் கண்ணை மூடிக்கிட்டு மாட்டணும்னும் இல்ல. முனை துருவேறி மெலிஞ்ச கம்பி, தலை போன ஸ்க்ரூ, ஒருதரம் பிடுங்கின ஆணி, இதெல்லாம் தள்ளுபடிதான். சட்டத்துலயே துரு இருந்தா முதல்ல டிங்கர்கிட்ட போகணும், குஷன் கடைக்கு அப்புறம். பல்லு வெச்ச தகடு, லைட்டைப் பிடிக்கிற தகடு, வெயில் தட்டியோட கொண்டி, இதெல்லாம் நல்லா இருந்தா கழுவி மறுபடி மாட்டிடலாம்.

இதைப் பாத்துக்கிட்டு இருந்தப்ப எனக்கு வண்டிச் சக்கரம்தான் ஞாபகம் வந்துச்சு. குடம், ஆரக்கால், வட்டை எல்லாம் மரம். சுத்தி இரும்புப் பட்டா. மரம் உளுத்துப் போனா ஆசாரி புது மரம் போடுவார். பட்டா பழசேதான். தளர்ந்து போயிருந்தா கொஞ்சம் வெட்டிக் குறைச்சு மறுபடி பத்த வெப்பாங்க. வரட்டி அடுக்கித் தீ மூட்டி, பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி, அது விரிஞ்சு நிக்கும்போது சக்கரத்துல இறக்கித் தண்ணி ஊத்துவாங்க. சுருங்கி இறுகிப் பிடிச்சுக்கும். ஏர்க் கலப்பையும் அப்படித்தான். மரம் மாறும், கொழு மாறாது. தேஞ்சா கொல்லன் அடிச்சு நீட்டித் தருவார். மோட்டார் வண்டி வந்த பிறகு அந்த இரும்பும் ஊருக்குள்ள வந்துச்சு. லாரியோட வில்பட்டையில அடிச்ச அரிவாள் எங்க வீட்டுல இருக்கு, எங்க அப்பா காலத்துது. இன்னும் கரும்பு வெட்டுது.

மரம், துணி, பாய் இதெல்லாம் மண்ணுல இருந்து மறுபடி மறுபடி வரும். இரும்பு அப்படி வராது, காசு குடுத்து வாங்கணும். அதனால இரும்பு மேல அன்னைக்கு ஜனங்களுக்கு ஒரு மரியாதை இருந்துச்சு. இது கஞ்சத்தனம் இல்ல, கணக்கு.

இப்ப வர்ற கார்ல வளை கம்பி கிடையாது. அழுத்தி வார்த்த அட்டை மாதிரி ஒரு பலகை, அது மேல ஃபோம், அது மேல துணி. மொத்தமா ஒரே துண்டு. தொழிற்சாலையில சில நிமிஷத்துல மாட்டிடலாம். அதைக் குத்தம் சொல்ல எனக்கு அருகதை இல்ல. எடை கம்மி, சத்தம் கம்மி, விலையும் கம்மி. எங்க ஊர்ப் பிள்ளைங்க அந்த லைன்ல நின்னுதான் வீடு கட்டினாங்க, தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ணாங்க. ஆனா அது கெட்டுப் போனா பிரிச்சுத் தெக்க வழி இல்ல. முழுசாத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கணும். அதைச் செஞ்ச கம்பெனியே இல்லன்னா?

அது ஏதோ கற்பனை இல்ல. 1954-ல போன ஃபோர்டு, 1995-ல மஹிந்திராவோட சேர்ந்து திரும்பி வந்துச்சு. 1999-ல எங்க மறைமலை நகர்ல இருந்து ஐகான் கார் வெளிய வந்துச்சு. 2021 செப்டம்பர்ல இந்தியாவுல கார் உற்பத்தியை நிறுத்தப் போறோம்னு அறிவிச்சாங்க. 2022 ஜூலையில மறைமலை நகர் லைன் நின்னுச்சு. 2024 செப்டம்பர்ல மறுபடி வர்றோம்னு தமிழ்நாட்டு அரசுக்குக் கடிதம் குடுத்தாங்க. போறதும் வர்றதும் அவங்க கணக்கு. ஆனா அந்த வண்டிகளை வாங்கினவங்க இங்கதான் இருக்காங்க. லைன்ல ஒரே ஒரு வேலையை மட்டும் வருஷக்கணக்கா செஞ்ச பையன், லைன் நின்ன மறுநாள் அந்த வேலையை எங்க போய்ச் செய்வான்? பாய்க்கு அந்தப் பயம் இல்ல. எந்த வண்டி வந்தாலும் துணியைப் பிரிச்சு அளவு எடுக்கத் தெரியும். ஆனா அவருக்கு அப்புறம் கத்துக்க ஆள் இல்ல. அவர் பையன் டெலிவரி வேலைக்குப் போறான்.

சட்டமும் இப்ப பழசுக்குக் கொஞ்சம் இடம் குடுத்திருக்கு. 2021-ல மத்திய அரசு கொண்டு வந்த விதிப்படி, முதல் பதிவு ஆகி 50 வருஷம் தாண்டி, சேசிஸ், பாடி, இஞ்சின் எதையும் பெருசா மாத்தாம அசல் நிலையில வெச்சிருக்கிற வண்டியை 'விண்டேஜ்' வண்டின்னு பதிவு பண்ணலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனா தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. கண்காட்சி, ஊர்வலம் மாதிரி விஷயத்துக்குத்தான். மச்சான் யோசிச்சுக்கிட்டு இருக்கார். கல்யாணத்துக்கு வாடகைக்குப் போக முடியாதுங்கிறதுதான் அவர் தயக்கம். எனக்குக் கேட்டா, மாமனார் வண்டி ரோட்டுல நாலு பேருக்கு உபயோகமா ஓடுறதுதான் அதுக்கு மரியாதைன்னு சொல்வேன். முடிவு அவரோடது.

கோயம்புத்தூர் பக்கம் போனா அவினாசி ரோட்டுல ஜி.டி. கார் மியூசியம் பாருங்க. ஜி.டி. நாயுடு பேர்ல வெச்சிருக்காங்க. பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனா வெளிய நின்னு பாத்துட்டு வந்துடாம, ஜன்னல் வழியா குனிஞ்சு உள் கூரையைப் பாக்கச் சொல்லுங்க. குறுக்க வரிசையா தையல் கோடு தெரிஞ்சா, அதுக்கு மேல ஒரு கம்பி இருக்குன்னு அர்த்தம்.

உங்க தாத்தா வண்டி எங்கயாவது ஷெட்டுல கிடந்தா, துணி மாத்தக் குடுக்கிறதுக்கு முன்னாடி கடைக்காரர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க: கழட்டுற கம்பி, ஸ்க்ரூ, தகடு எல்லாம் ஒரு டப்பாவுல போட்டு எங்கிட்டயே குடுத்துடுங்கன்னு. முடிஞ்சா பக்கத்துல நின்னு நம்பர் போடுங்க. ஒரு சாக்பீஸ் போதும்.

நவரைக்கு நாத்து விடுற நேரம் நெருங்குது. ஏரியில தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு பாத்துட்டு வந்து அதைப் பத்தி அடுத்து எழுதுறேன்.